பழைய மனையும் புதிய அறையும்



விக்டோரியா மகாராணியார் 1837 ஆம் ஆண்டு தொடக்கம் 1901 ஆம் ஆண்டு வரை ஆட்சி செலுத்தினார். அக்காலத்தில் இங்கிலாந்தில் எழுந்த செங்கல் வீடுகளுட் பல இன்றும் குடும்பங்கள் வாழும் இல்லங்களாகவே விளங்குகின்றன. இலண்டனின் கிழக்குப் பகுதியில் அத்தகைய வீடொன்றை என் இளைய சகோதரன் வாங்கினான். முதுமையுற்ற எம் அன்னையாரைத் தன்னோடு வைத்துப் பேண விரும்பிய அவன், அவர் மாடிப்படி ஏறாது வாழும்பொருட்டுக் கீழ்த்தளத்தில் அறையொன்றைக் கூட்டிக் கட்ட எண்ணினான். குளிர்காலம் வருமுன் அதனை முடித்துவிடுமாறு கடிதத்தின்மேற் கடிதம் எழுதி அவனை விரைவுபடுத்தியவன் நானே.

அந்த விரைவு எத்துணைத் தவறானது என்பதை உணர, அவ்வீடுகள் கட்டப்பெற்ற முறையை அறிதல் வேண்டும். கண்ணாடி மீதிருந்த வரி 1845 இலும், செங்கல் மீதிருந்த வரி 1850 இலும், யன்னல் வரி 1851 இலும் அந்நாட்டில் நீக்கப்பட்டன. புகையிரதங்கள் செங்கல்லையும் வேல்ஸ் நாட்டுக் கற்பலகைகளையும் எங்கும் கொண்டு சென்றன. அகன்ற யன்னல்களையுடைய வீடுகள் நடுத்தர மக்களுக்கும் எட்டின. அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் நடுவே இடைவெளியற்ற செங்கற் சுவர்கள். அச்செங்கற்களைப் பிணைத்தது பொதுவாகச் சுண்ணாம்புச் சாந்தே. மழைநீரைச் சிறிது உறிஞ்சும் சுவர், காற்றும் வெயிலும் வந்தபோது அதனைச் சாந்தின் வழியே வெளிவிட்டு உலர்ந்துவிடும். நிலத்தினின்று உயர்த்தி அமைத்த பலகைத் தளத்தின் கீழே காற்று உலவும்பொருட்டுச் சுவரின் அடியில் துளையுள்ள செங்கற்களைப் பதித்தனர்.

சகோதரனின் வீட்டில் முன்னர் வாழ்ந்தோர் இவ்வியல்பை அறிந்தாரல்லர். சாந்து தேய்ந்த இடுக்குகளிற் சீமெந்தை அடைத்திருந்தனர். முற்றத்துத் தரையை உயர்த்தியமையாற் காற்றுத்துளைகள் பல மூடுண்டு கிடந்தன. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தளத்தைத் தாங்கிய மரங்களின் நுனிகள் உக்கிப்போயிருந்தன. அந்நிலையிற் புதிய அறையைக் கட்டியிருப்பின், எஞ்சிய காற்றுவழிகளும் அடைபட்டிருக்கும். இதனைக் கண்டு கூறியவர் அங்குள்ள முதிய மேசன் ஒருவர். முதலில் வீட்டைக் குணப்படுத்துங்கள், பின்னர் வளருங்கள் என்பதே அவர் உரைத்த புத்திமதி.

இது புதிய கொள்கை அன்று. வில்லியம் மொறிஸ், பிலிப் வெப் முதலானோர் 1877 ஆம் ஆண்டிலே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கத்தை நிறுவினர். புதுப்பித்தல் என்ற பெயராற் பழமையை அழித்தலை எதிர்த்து, இடைவிடாப் பராமரிப்பையும் சிறு செப்பனிடலையும் வலியுறுத்தினர். சட்டத்தரணி ஒருவரின் பெருங் குடும்பத்துக்காகச் சசெக்ஸ் பகுதியில் ஸ்டாண்டன் எனும் இல்லத்தை 1890 களில் அமைத்த வெப், அங்கு நின்ற பழைய பண்ணை வீட்டை இடித்தாரல்லர். அதனைத் தழுவியே புதிய மனையை எழுப்பினார்.

என் சகோதரனும் அறை கட்டுதலை ஓராண்டு தாழ்த்தினான். உறைபனி சுண்ணாம்புச் சாந்துக்குப் பகையாதலின், வேனிற்காலத்தில் வேலை நிகழ்ந்தது. சீமெந்தைக் கையுளியால் மெல்லப் பெயர்த்துச் சுண்ணாம்புச் சாந்து இட்டனர். உக்கிய நுனிகளை மட்டும் வெட்டி நீக்கிப் புதுமரம் பொருத்தினர். சுவர் உலர்ந்த பின்னரே அறை எழுந்தது. அயல்வீட்டோடு பொதுவான சுவரைத் தொடுமுன் அவர்களுக்கு எழுத்தில் அறிவித்தல் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம், அதனையும் செய்தான். புதிய தளத்தின் அடியே குழாய்கள் பதித்து, பழைய தளத்துக்குரிய காற்றை வெளியிலிருந்து கொணர்ந்தனர். பழைய வீட்டின் யன்னலை மறைக்காவண்ணம் அறையின் கூரையைத் தாழ்த்திக் கண்ணாடியும் பதித்தனர். அறை பழமையைப் போல நடிக்கவில்லை. பழமைக்கு இடையூறும் செய்யவில்லை.

அந்த ஓராண்டும் அன்னையார் என்னுடனேயே தங்கியிருந்தார். சகோதரனிடமிருந்து கடிதம் வருந்தோறும், "அறை முடிந்ததோ?" என வினவுவார். அவ்வினா என்னை வருத்தியது உண்மை. ஆயினும் முன்னமே சென்றிருப்பின், ஈரச் சுவருக்கும் உக்கிய தளத்துக்கும் இடையிலன்றோ அவர் முதுமை கழிந்திருக்கும்! இன்று உலர்ந்த அறையிலே நலமாக வாழ்கின்றார்.

மாணவர்க்குப் பாடம் சொல்லும் நான் அவ்வீட்டிடம் ஒரு பாடம் கற்றேன். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய நம் நாற்சார் வீடுகளுக்கும் அது பொருந்தும். முன்னோர் கட்டிய மனையிற் கைவைக்குமுன், அது இத்துணைக் காலம் எவ்வாறு நின்றது என்று கேட்டறிவோமாக. அதன்பின் கூட்டும் அறையே நிலைக்கும்.