இறையரசுக்கு எல்லைச் சாவடி இல்லை

(யூபிலி விழாவையொட்டிப் பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)





யூபிலி என்றவுடன் நம் கண்முன் வருவது வெள்ளையடித்த கோயில், கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆயர் அவர்களின் திருப்பலி, பொது விருந்து. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் விவிலியத்தில் யூபிலியைப் பற்றிய கட்டளை வருகிற இடத்தைத் திறந்து பாருங்கள். லேவியர் நூல், 25ஆம் அதிகாரம். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் நாடெங்கும் எக்காளம் ஊதவேண்டும். வறுமையால் கைமாறிய நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும். பிழைக்க வழியின்றித் தன்னையே விற்றுக்கொண்டவன் விடுதலை பெற்றுத் தன் வீட்டுக்குப் போகவேண்டும். இதுவே இறைவன் கட்டளையிட்ட யூபிலி. நிலம், கூலி, விற்பனை விலை என்று அன்றாட வாழ்வின் விஷயங்களையே ஆண்டவர் அங்கே பேசுகிறார். ஆகவே நாம் யூபிலி கொண்டாடும் இந்த வேளையில், கோயிலுக்கு வெளியே நாம் வாழும் வாழ்க்கையைப் பற்றிச் சிந்திப்பதே பொருத்தம் என்று எண்ணுகிறேன்.

எல்லையில் வாழும் மக்கள்

நம் ஜூஜுவாடி எல்லையூர். இந்தப் பக்கம் ஓசூர். அந்தப் பக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்த பிறகு, ராகியும் அவரையும் விளைந்த நிலங்களின் நடுவே தொழிற்சாலைகள் எழுந்தன. 1980 வாக்கில் இங்கே லாரியும் மொபெட்டும் உற்பத்தியாயின. சில ஆண்டுகளில் கைக்கடிகாரமும் வந்தது. வேலை தேடி மக்கள் வந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தார்கள், கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலிருந்தும் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். இன்று ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாம் மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தபோது, நம் பகுதியும் அதில் சேர்ந்தது.

எல்லையில் வாழ்கிற நமக்குச் சோதனைச்சாவடி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக லாரிகள் வரிசையாக நின்று சரக்குக் காகிதங்களைக் காட்டிச் சென்றதைப் பார்த்தவர்கள் நாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வணிகவரிச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் நம் உள்ளத்தில் ஒரு சாவடி இன்னும் நிற்கிறதா என்று ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலை கோயில் வாசலில் ஒரு சட்டம். திங்கள் காலை கம்பெனி வாசலில் வேறொரு சட்டம். கோயிலில் செல்லுகிற நாணயம் கடைத்தெருவில் செல்லாது என்கிற எண்ணம். இந்தச் சாவடியை எழுப்பியது எந்த அரசாங்கமும் அல்ல.

1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைப் பற்றி மிகக் கண்டிப்பாகப் பேசியது. விசுவாசத்தை ஒரு பக்கமும் அன்றாட வாழ்வை ஒரு பக்கமும் வைத்துப் பிரிப்பது நம் காலத்தின் பெரும் தவறுகளில் ஒன்று என்று அது கருதியது. உலக வேலைகளின் நடுவே இருந்துகொண்டே இறையரசைத் தேடுவதுதான் பொதுநிலையினரின் அழைப்பு என்றும் அது தெளிவாக்கியது.

மத்தேயு உட்கார்ந்திருந்த மேசை

இயேசு மத்தேயுவை எங்கே அழைத்தார்? தொழுகைக்கூடத்தில் அல்ல, சுங்கச்சாவடியில். கப்பர்நாகும் ஊரும் நம் ஊரைப்போல ஓர் எல்லையூர்தான். ஏரோது அந்திப்பாவின் ஆட்சிப்பகுதியும் பிலிப்புவின் ஆட்சிப்பகுதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகே அது இருந்தது. வணிகர்களும் மீனவர்களும் வரி கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரை ஆண்டவர் தேடிப் போனார்.

எல்லா வரிதண்டுவோரையும் அவர் வேலையை விட்டுவரச் சொன்னாரா என்றால், இல்லை. எரிகோவில் சக்கேயுவின் வீட்டில் விருந்துண்டபோது, அவர் வேலையை விட்டுவிட்டதாக நற்செய்தி சொல்லவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் வாக்களித்தார். அன்றே அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது. அதற்கு முன்னே திருமுழுக்கு யோவானிடம் வரிதண்டுவோர் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, பாலைநிலத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதித்த வரிக்குமேல் வாங்காதீர்கள் என்ற கருத்தைத்தான் சொன்னார். படைவீரர்களிடம், யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல், கிடைக்கிற ஊதியத்தில் நிறைவு கொள்ளச் சொன்னார்.

நம் ஒவ்வொருவருக்கும் மத்தேயுவின் மேசையைப் போல ஒரு மேசை இருக்கிறது. ஒருவருக்கு அது லேத் மெஷின், இன்னொருவருக்கு லாரியின் ஸ்டியரிங், மற்றொருவருக்குக் கடையின் தராசு, தாய்மாருக்கு அடுப்பு. ஆண்டவர் நம்மை அழைப்பது அங்கே.

நம்மில் ஒருவர், ஒரு புனிதர்

இப்படி வாழமுடியுமா, இது குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியதல்லவா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குப் பதிலாக நம் தமிழ் மண்ணிலேயே ஒருவரை இறைவன் தந்திருக்கிறார். அவர் புனித தேவசகாயம்.

1712இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்த அவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர்; திருமணமானவர். அதாவது, நம்மைப்போலச் சம்பளத்துக்கு வேலை செய்து குடும்பம் நடத்தியவர். அவருக்குக் கிறிஸ்துவை முதலில் அறிமுகப்படுத்தியவர் குரு அல்ல. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டிலனாய் என்ற அதிகாரி அவர். குடும்பத்தில் இழப்புகள் நேர்ந்து மனம் சோர்ந்திருந்த நண்பரிடம் அவர் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார். பணியிடத்தில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் துயரத்தைக் கேட்டு ஆறுதல் சொன்னார். அதிலிருந்து ஒரு புனிதர் பிறந்தார்! 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயருக்குத் தமிழில் தேவசகாயம் என்று சொன்னார்கள்.

திருமுழுக்குக்குப் பிறகு அவர் சாதி வேறுபாடு பாராமல் எல்லோரோடும் பழகினார். அந்தக் காலத்தில் அது சிறிய காரியமல்ல. 1749இல் கைது செய்யப்பட்டார். எருமைமேல் ஏற்றப்பட்டு ஊர் ஊராக அவமானப்படுத்தப்பட்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012இல் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவரே. புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு சாதிப் பெயர் சேர்க்கப்படவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

அவருடைய சோதனை கோயிலுக்குள் வரவில்லை. வேலை செய்த இடத்தில், உடனிருந்தவர்கள் மத்தியில் வந்தது. நம்முடைய சோதனையும் அங்கேதான் வருகிறது. நம்மை யாரும் சுடப்போவதில்லை. ஆனால் சின்னச் சின்ன இடங்களில் நம் விசுவாசத்துக்கு விலை பேசப்படுகிறது.

நாம் சோதிக்கப்படும் இடங்கள்

முதலாவது, நம் கையெழுத்து. பிரேக் பாகம் ஒன்றை அளந்து பார்த்து இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இங்கே இருக்கலாம். அளக்காமலே அளந்ததாக எழுதிவிடலாம். ஷிப்ட் முடிகிற நேரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் அந்தப் பாகம் பொருத்திய வண்டியில், நமக்கு முகம் தெரியாத ஒரு தகப்பன் தன் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துப் போவான். அவனை நாம் நேசிக்கும் வழி, சரியாக அளப்பதுதான். அந்த நேரத்தில் அந்த அளவுகோலே நம் ஜெபமாலை.

இரண்டாவது, பிறர் கூலி. நம் பங்கிலே ஆட்களை வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டர்களும் சிறு பட்டறை உரிமையாளர்களும் இருக்கிறார்கள். 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ.க்கு நிர்ணயித்த விகிதத்தின்படி, சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம்; முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால், அவர் 90 ரூபாய், இவர் 390 ரூபாய். பிடித்த பணத்தையும் தன் பங்கையும் ஒருவர் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? அந்தத் தொழிலாளியின் மனைவி பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போகிற நாளில், கார்டு செல்லாது என்று திருப்பி அனுப்பப்படலாம். அப்படி மிச்சம் பிடித்த பணத்தில் பீடத்துக்கு வெள்ளி விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் இறைவன் அதை ஏற்பாரா? கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று புனித யாக்கோபு எச்சரிக்கவில்லையா?

மூன்றாவது, நம் வாசல். நம்மில் பலர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு அறையில் வடமாநிலத்துப் பிள்ளைகள் ஆறேழு பேர் தங்குகிறார்கள். அவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற நாம், அந்தத் தலைகளுக்குப் போதிய தண்ணீரும் கழிப்பிடமும் தந்தோமா? போகும்போது அட்வான்ஸைத் தகராறில்லாமல் திருப்பிக் கொடுத்தோமா? இந்தப் பிள்ளைகளில் கத்தோலிக்கரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, மொழி புரியாமல் போய்விடுகிறார்கள். அந்நியனாய் இருந்தபோது என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்றுதான் தீர்ப்பு நாளில் ஆண்டவர் கேட்பார். எந்த மொழியில் ஜெபித்தாய் என்று கேட்கப்போவதில்லை.

நான்காவது, சாதி. சொந்த ஊரை விட்டுவந்தோம். நிலத்தையும் உறவையும் விட்டுவந்தோம். ஆனால் இதை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோமா? ஒரே அப்பத்தை உண்டபின், வெளியே வந்து ஆள் பார்த்துப் பேசினால், தேவசகாயம் சிந்திய இரத்தத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை அதுதானா? நிரந்தரத் தொழிலாளி, காண்டிராக்ட் தொழிலாளி என்ற புது வேறுபாடும் அதோடு சேராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

எங்கிருந்து வலிமை வரும்?

இவ்வளவும் தனி மனிதனால் ஆகக்கூடியதா? நேர்மையாக இருந்தால் வேலை போய்விடும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார் என்ற அச்சம் பொய்யானதல்ல. அதனால்தான் ஆண்டவர் நம்மைத் தனித்தனியே விடாமல் திருச்சபையாகக் கூட்டியிருக்கிறார். இட்லிக்கு அரைத்த மாவை இரவில் மூடிவைக்கிறோம். பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்தால் போதும். காலையில் பாத்திரம் நிறையப் பொங்கியிருக்கிறது. சத்தமில்லை, விளம்பரமில்லை. இறையரசைப் புளிப்பு மாவுக்கு ஒப்பிட்ட ஆண்டவர், இதை வீட்டில் தம் தாயிடம் பார்த்தே கற்றிருப்பார். ஆனால் அந்தக் கரண்டி மாவு தனிக் கிண்ணத்திலேயே இருந்தால், புளித்துக் கெட்டுப்போகுமே தவிர ஒன்றையும் பொங்கவைக்காது.

1925இல் பெல்ஜியம் நாட்டில் கார்டைன் அடிகளார் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவினார். தொழிலாளர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, பணியிடத்தில் நடப்பதைப் பார்க்கவேண்டும். நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்கவேண்டும். பிறகு செயல்படவேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அது நமக்கும் கைக்கெட்டிய வழியே.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் நான்கு காரியங்களைச் செய்ய உங்களை வேண்டுகிறேன். ஷிப்டுக்குப் புறப்படும்முன் வாசலில் நின்று சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய வேலையை இறைவனுக்கு ஒப்புக்கொடுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே பணியிடத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு வீட்டில் கூடி, வேலையில் வரும் நெருக்கடிகளை நற்செய்தியோடு வைத்துப் பேசுங்கள். நேர்மைக்காக ஒருவர் வேலை இழந்தால், மறுவேலை கிடைக்கும்வரை அந்தக் குடும்பத்தைத் தாங்குங்கள். பழைய யூபிலியின் நினைவாக, யாருக்காவது நாம் கொடுக்கவேண்டிய கூலியோ, அட்வான்ஸோ, கடனோ இருந்தால், கொடியேற்றத்துக்கு முன்னே கொடுத்துவிடுங்கள். அது எக்காளத்தைவிட உரக்க ஒலிக்கும்.

நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் உழைத்த புனித சூசையப்பரும், அரண்மனைப் பணியில் உண்மையாய் நின்ற புனித தேவசகாயமும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. நம் கோயில் மணி ஓய்ந்தபிறகும், கம்பெனிச் சங்கு ஒலிக்கும் நேரத்திலும், இறையரசின் குடிமக்களாகவே வாழ ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்புரிவாராக!