பந்தோடு வரும் பணம் எவர் மடியில் விழுகிறது?

(விவசாயிகளும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



"பிள்ளைகள் பந்து உதைத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா?" என்று இக்கூட்டத்துக்கு வரும் வழியில் முதியவர் ஒருவர் என்னைக் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆயினும் அது நேரிய விடை வேண்டி நிற்கும் பொருளாதாரக் கேள்வி. எரியும் என்று அடித்துச் சொல்வோர் இன்று உலகெங்கும் உளர். இளைஞர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்துங்கள், கடைகள் நிறையும், விடுதிகள் நிறையும், ஊர் செழிக்கும் என்று பெருந்தொகைகளைக் காட்டி நகரசபைகளை அவர்கள் இணங்க வைக்கிறார்கள். அடுப்பு எரியும் என்பதை நானும் மறுக்கவில்லை. எவருடைய அடுப்பு என்பதே யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

டென்மார்க் நாட்டின் வட கோடியில் யோரிங் என்றோர் ஊர் உண்டு. 1243ஆம் ஆண்டிலேயே நகர உரிமைப் பட்டயம் பெற்ற பழைய சந்தை ஊர். சுற்றிலும் விளைநிலமும் மாட்டுப் பண்ணைகளும். மக்கள் தொகை ஏறக்குறைய 25,000. அவ்வூரில் 1982ஆம் ஆண்டு முதல் டானா கிண்ணம் என்னும் இளைஞர் சுற்றுப்போட்டி ஆடி மாதத்தில் நடைபெற்று வருகிறது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 1,000 அணிகள் வருகின்றன. ஊரில் உள்ளோர் தொகைக்கு ஏறக்குறையச் சமமான தொகையினர் ஒரு கிழமைக்கு அங்கே வந்து குவிகின்றனர் என்றால் மிகையாகாது.

இத்தனை பேரையும் எங்கே படுக்க வைப்பது? இங்கேதான் நம் விவசாயப் பெருமக்கள் கூர்ந்து கேட்க வேண்டும். அவ்வூரார் விடுதி கட்டவில்லை. ஆடி மாதம் அங்கே பள்ளி விடுமுறை. வகுப்பறைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகள் தாம் கொண்டுவந்த மெத்தையை நிலத்தில் விரித்துப் படுக்கிறார்கள். அரிவு வெட்டி முடிந்த வயலில் மாடு கட்டுவது போன்றதுதான் இது. சும்மா கிடக்கும் முதலை ஒரு கிழமை உழைக்க விடுகிறார்கள். ஒவ்வோர் அணியும் பதிவுக் கட்டணம் செலுத்துகிறது. ஒவ்வொரு பிள்ளையும் படுக்கைக்கும் உணவுக்குமாகத் தனிக் கட்டணம் செலுத்துகிறது. பெரிய வரும்படி அக்கட்டணத்திலேயே இருக்கிறது. ஐஸ்கிறீம் கடையில் சிந்தும் சில்லறை அதற்குப் பிறகுதான்.

அக்கட்டணம் எவர் கைக்குப் போகிறது? போட்டியை நடத்துவது அவ்வூர்க் கழகமாகிய போர்ச்சுனா யோரிங். 1966இல் தோன்றிய அக்கழகம் பெண்கள் உதைபந்தாட்டத்தில் பேர்பெற்றது. 2003ஆம் ஆண்டில் ஐரோப்பிய மகளிர் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரை சென்று, சுவீடனின் ஊமேயோ கழகத்திடம் தோற்றது. வட கோடியில் உள்ள ஒரு பண்ணை நாட்டு ஊர், தலைநகரங்களின் கழகங்களோடு தோளுக்குத் தோள் நின்றது எப்படி? அக்கழகத்தின் பின்னால் ஆடி மாதத்துக் கிழமை ஒன்று நின்றது.

டென்மார்க்கில் இது வானத்திலிருந்து விழுந்த யோசனையன்று. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1882இல், யெடிங் என்னும் சிற்றூரின் விவசாயிகள் நாட்டின் முதற் கூட்டுறவுப் பால் நிலையத்தைத் தொடங்கினார்கள். நூறு மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு, மூன்று மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு வாக்கு என்பது அவ்வியக்கம் கைக்கொண்ட விதி. இலாபமோ கொடுத்த பாலின் அளவுக்கேற்பப் பிரிந்தது. மூளாயில் கூட்டுறவு மருத்துவமனை கண்ட நம்மவர்க்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

நிற்க. இத்தகைய போட்டிகளால் ஊருக்கு இத்தனை கோடி வந்தது என்று பத்திரிகைகளில் வரும் தொகைகளை அப்படியே நம்பிவிடலாகாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை ஒரு கிழமையில் கடைகளில் 1,000 குரோணர் செலவிடுகிறது. அதில் 600 குரோணர், நாடெங்கும் கிளை பரப்பிய பெருங்கம்பனிகளின் கடைகளில் விழுகிறது. அந்த 600இல் ஊரில் தங்குவது, பணம் வாங்கிப் போடும் பெண்ணின் சம்பளமும் கடை வாடகையில் ஒரு பங்கும் மட்டுமே. மிகுதி அன்று மாலையே தலைமையகத்துக்குப் பயணமாகிறது. எஞ்சிய 400 ஊர் வெதுப்பகத்தில் விழுந்தால், வெதுப்பகக்காரர் அதில் ஒரு பகுதியைத் தச்சனுக்குக் கொடுப்பார்; தச்சன் பால்காரருக்குக் கொடுப்பான். ஒரே காசு மூன்று வீட்டு வாசற்படி மிதிக்கும். ஆகவே எவ்வளவு வந்தது என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை வீடு ஏறி இறங்கியது என்றும் கேட்க வேண்டும்.

வந்தவரால் வராமற் போனவர் எத்தனை பேர் என்பதும் கணக்கில் சேர வேண்டும். கோடையில் எவ்வாறாயினும் உல்லாசப் பயணிகளால் நிறையும் பெருநகரில், போட்டிக்கு வந்தவன் பிடித்த அறை இன்னொருவனுக்குக் கிடைக்க வேண்டிய அறையே. அங்கே அதை முழு வரவு என எழுதுவது பொய்க் கணக்கு. உள்ளூர்த் தகப்பன் மைதானத்தில் வாங்கிய தேநீரும் அப்படியே. அவன் அதை வேறெங்கோ குடித்திருப்பான்.

கூலி பெறாமல் சமைத்தும், துப்புரவு செய்தும், வண்டி ஓட்டியும் நிற்கும் தொண்டர்களின் உழைப்புக்கு என்ன விலை? பொருளியலார் சிலர் அதனைச் செலவுப் பக்கத்தில் எழுதச் சொல்வர். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்தும். ஆயினும் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கி வேலை செய்ய, பின்னர் அவர் வயலில் இவர் இறங்கும் வழக்கம் நமக்குத் தெரியாததா? மிச்சம் கழகத்துக்கு வந்து, கழகம் அதே தொண்டரின் பிள்ளைக்கு மைதானமும் பயிற்சியாளரும் தருமாயின், அங்கே கூலி வேறு வடிவில் வந்து சேர்கிறது. மிச்சம் ஒரு தனியார் கம்பனியின் பையில் விழுமாயின், அத்தொண்டர் ஏமாற்றப்பட்டவர்.

சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் 1975இல் தொடங்கிய கோத்தியா கிண்ணம் இன்னும் பெரியது. அண்மை ஆண்டுகளில் 1,600க்கு மேற்பட்ட அணிகள் அங்கே ஆடுகின்றன. அதன் உரிமையாளர் ஹேக்கன் என்னும் கழகம். நகரின் தொழிலாளர் வாழும் பக்கத்தில் 1940இல் தோன்றிய இக்கழகம் 2022இல் முதன்முறையாக நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றது. ஆனால் அதற்கு முந்திய ஈராண்டுகளின் கதையையும் சொல்லாவிட்டால் யான் ஒருபக்கம் பேசியவன் ஆவேன். கொரோனாக் கொள்ளைநோயினால் 2020இலும் 2021இலும் கோத்தியா கிண்ணம் நடைபெறவில்லை. ஒரே கிழமையின் வரும்படியை நம்பியிருப்பது, ஒரே போக மழையை நம்பியிருப்பது போன்றதே. அப்படியிருந்தும் கழகம் நிமிர்ந்து நின்றதற்கு ஒரு காரணம், அந்தக் கிழமைக்கென்று கடன்பட்டுக் கட்டிய கட்டிடங்கள் அதன் தலைமேல் இருக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவிலோ பல ஊர்கள் வேறு வழியிற் சென்றன. இந்தியானா மாநிலத்து வெஸ்ற்பீல்ட் நகரம் 2014இல் 400 ஏக்கரில் விளையாட்டுப் பூங்கா ஒன்றைத் திறந்தது. உதைபந்தாட்டம் முதலியவற்றுக்கு 31 திடல்கள். பேஸ்போல் ஆட்டத்துக்கு 26. நகரம் பொதுக்கடன் பட்டு அமைத்த பூங்கா அது. அணிகள் வந்தாலும் வராவிட்டாலும் தவணை தவறாமல் வரும் விருந்தாளி வட்டி ஒன்றுதான். அந்நாட்டுப் போட்டிகள் பலவற்றில் இன்னொரு வழக்கமும் உண்டு. நடத்துவோர் குறிக்கும் விடுதியிலேயே அணிகள் தங்க வேண்டும். விடுதி ஒவ்வோர் அறைக்கும் நடத்துவோருக்குத் தரகு கொடுக்கிறது. உறவினர் வீட்டில் தங்கி ஆடலாம் என்று எண்ணும் ஏழைப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. கடைத்தெருவுக்கு வரும் காசு, இவ்வாறு இன்னோர் ஊர்த் தாயின் சேமிப்பிலிருந்து பிடுங்கப்பட்ட காசாகவும் இருக்கலாம்.

பணத்தில் அளக்க இயலாத ஒன்றையும் சொல்லி அமைகிறேன். நோர்வே கிண்ணம் 1972இல் ஒஸ்லோவில் தொடங்கியபோதே பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் மகளிர் ஆட்டத்தை முறைப்படி ஏற்றது 1976இல்தான். கென்யாவின் நைரோபி நகரத்துச் சேரியாகிய மதாரேயில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம் 1990 முதல் இந்நோர்வே கிண்ணத்துக்கு அணி அனுப்பி வந்தது. அச்சங்கத்தின் உள்ளூர்ப் போட்டியில் ஓர் அணி சேரியின் குப்பையை அள்ளித் துப்புரவு செய்து முடித்தால், ஆட்டத்தில் வென்றதற்குப் போலப் புள்ளிகள் வழங்கப்படும். குப்பை அள்ளாத அணி எத்தனை கோல் அடித்தாலும் முதலிடம் பிடிப்பது அரிது. அங்கிருந்து எழுந்த மதாரே யுனைற்றெட் கழகம் 2008இல் கென்யாவின் வாகையர் ஆயிற்று.

நம் பகுதியில் இத்தகைய போட்டி ஒன்றை நடத்தலாம் என்று எவரேனும் திட்டத்தோடு வந்தால், அவரிடம் முதலிற் கேட்க வேண்டியது வரவு எவ்வளவு என்பதன்று. கணக்குப் புத்தகம் எவர் வீட்டில் இருக்கும், மிச்சத்தைப் பங்கிடும் கூட்டத்தில் எவர்க்கு வாக்கு, பள்ளிக்கூடங்கள் விடுமுறையில் இருக்கையில் புதுக் கட்டிடம் எதற்கு என்று கேளுங்கள். இங்கு வந்திருக்கும் கணக்காளரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் என்னை விட நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்கள். அந்த முதியவரும் பின் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். முதற் கேள்வி அவருடையதாகட்டும்.