‘லா’ போட்டால் ஆங்கிலம் கெட்டுவிடுமா?



லாபிஸ் கோப்பிக்கடையில் ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு மலாய்க்காரர் ஒன்றாக உட்கார்ந்தால், அங்கே பேசப்படும் ஆங்கிலம் தனி ரகம். “கேன் ஆர் நாட்?” என்பார் ஒருவர். “கேன் லா!” என்பார் மற்றவர். இலண்டன்காரர் கேட்டால் விழிப்பார். “போலே தாக்?” என்ற மலாய்க் கேள்வி தெரிந்தவருக்கோ அதில் புதிர் ஏதுமில்லை.

இதை ‘மங்லீஷ்’ என்று கேலி செய்கிறோம். தப்பான ஆங்கிலம் என்று பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம். இது நியாயமா?

ஆங்கிலம் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரி பேசப்பட்டதில்லை. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் குழந்தையை ‘பேர்ன்’ என்பார்கள். பிரிட்டனின் ‘லிஃப்ட்’ அமெரிக்காவில் ‘எலிவேட்டர்’. வெளியூர் போனவரை ‘அவுட்ஸ்டேஷன்’ என்பது இந்தியருக்கும் மலேசியருக்கும் பொது வழக்கு. காரைப் பின்னால் எடுக்க இங்கே சொல்லும் ‘கோஸ்தான்’, ‘கோ அஸ்டர்ன்’ என்ற கப்பல் கட்டளையின் பேரப்பிள்ளை! தமிழரின் கட்டுமரமும் ‘கட்டமரான்’ ஆகி ஆங்கிலத்தில் ஏறியது. நம் ‘மச்சான்’ இன்று ‘மச்சா’வாகச் சீன, மலாய் இளைஞர் வாயிலும் புழங்குகிறார்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே 2016இல் ‘தே தாரிக்’, ‘லெப்பாக்’ ஆகியவற்றையும், 2025இல் ‘அலாமாக்’, ‘தாப்பாவ்’ ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் இது மட்டும் போதுமா? போதாது. அண்டை நாடான சிங்கப்பூர் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அந்தக் கவலையிலும் பொருள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வுத்தாளில் ‘லா’ எழுதினால் மதிப்பெண் போகும். ஜொகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ நேர்முகத் தேர்வில் “கேன், கேன்” என்றே பதில் சொன்னால் வேலையே போகலாம்.

தீர்வு தமிழர் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டில் “வந்துட்டாங்க” என்னும் பிள்ளை, பள்ளி மேடையில் “வந்துவிட்டார்கள்” என்கிறது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தையும் அப்படியே சொல்லிக்கொடுக்கலாம்: இது கடைக்கு, அது கடிதத்துக்கு.

பெற்றோரே, ஆசிரியர்களே! பிள்ளை “கேன் லா” என்றால் சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். “வேலைக்குப் போன இடத்தில் இதை எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள். கேலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு இலண்டன் ஆங்கிலமும் வராது, லாபிஸ் ஆங்கிலமும் மிஞ்சாது. பேசுகிற பிள்ளையைத்தான் திருத்த முடியும்.