சலித்தது சினிமா அல்ல, சரக்கு!

(தேனி மாவட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)

“ஜனங்கள் தியேட்டருக்கு வருவதில்லை, சினிமாவின் மீது ஆசை போய்விட்டது” என்று படமுதலாளிகள் புலம்புகிறார்கள். பழியை நம் தலையில் போடுகிறார்கள். உண்மை என்ன?

1996இல் வந்த ‘இந்தியன்’ படத்தை மக்கள் கொண்டாடினார்கள். லஞ்சத்தின் மீது மக்களுக்கு இருந்த கோபம் அதில் பேசியது. 28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், ‘இந்தியன் 2’ வந்தது. பணத்தைக் கோடி கோடியாகக் கொட்டி, மூன்று மணி நேரம் ஓட்டினார்கள். ஜனங்கள் நெளிந்தார்கள். சில நாட்களிலேயே 12 நிமிடங்களை வெட்டினார்கள். அப்படியும் படம் தேறவில்லை. மீதிக் கதைக்கு மூன்றாம் பாகமாம்! அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 2023இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’, மார்வெல் பட வரிசையிலேயே ஆகக் குறைந்த வசூல் கண்டது.

ஏன் பாகம் பாகமாக எடுக்கிறார்கள்? மூலதனத்துக்குப் புதுக்கதை என்றால் பயம். ஒருமுறை விற்ற பெயரையே மறுபடியும் விற்றால் நஷ்டம் வராது என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சூதாட்டத்தில் பணயம் நம்முடைய கூலி! 2024இல் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். நாலு பேருக்கு டிக்கெட், பஸ், பிள்ளைகளுக்குத் தீனி என்றால் ஒரு நாள் உழைப்பு போதுமா? அவ்வளவும் கொடுத்துவிட்டு, அரைக் கதையோடு வீடு திரும்புவதா?

சினிமா நமக்குக் கசக்கவில்லை, தோழர்களே! அதே 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்தது. கொடைக்கானல் குகையில் விழுந்தவனை நண்பர்கள் மீட்ட கதை. மலையாளப் படம், ஆனாலும் தமிழ்நாடெங்கும் கூட்டம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போகும் நமக்கு அந்த மொழி புதிதா? ஆகஸ்டில் ‘வாழை’ வந்தது. தார் சுமக்கும் சிறுவனின் கதை அது. அதையும் மக்கள் ஏற்றார்கள்.

நம் மலையின் கதையும் உண்டு. 2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. துண்டு நிலம் வாங்க ஏலமூட்டை சுமந்தவன், கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாகிறான். இதற்குப் பாகம் இரண்டு தேவையில்லை; அது தினமும் நம் வாழ்வில் நடக்கிறது!

ஆகவே, விளம்பரத்தைப் பார்த்துக் கூலியைக் கொடுக்காதீர்கள். தொழிற்சங்கக் கிளைகள் நல்ல படங்களை ஊர் ஊராகத் திரையிடட்டும், பார்த்து விவாதிக்கட்டும். ரசனை இல்லாதவர்கள் நாமல்ல. உழைக்கும் மக்களின் வாழ்வைச் சொல்லும் படத்துக்கு இடம் கேட்போம்!