ஊர்த்திட்டத்தில் ஆலயத்தின் பங்கு
(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலயம் என்றால் கருவறையும் கோபுரமும் மட்டுமல்ல; தல விருட்சமும் திருக்குளமும் சேர்ந்தே ஆலயம் ஆகும். மழைநீரைத் தேக்கி ஊர்க் கிணறுகள் வற்றாமல் காத்தது அத்திருக்குளமே. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த பாட்டாளி மக்களும் இம்மரபை மறந்தாரில்லை. லயன் வீடுகளுக்கு அருகே ஓர் அரசமரத்தையோ வேப்பமரத்தையோ கண்டு, அதனடியில் மாரியம்மனையும் முனீஸ்வரரையும் வைத்து வழிபட்டனர். தோட்ட நிர்வாகத்தின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்த அக்கோயில்களுள் பலவற்றுக்கு நிலப்பட்டா இல்லை. அரசாங்கத்தின் வரைபடங்களிலும் இடமில்லை. தோட்டம் கைமாறியபோது கோயில், மரம், குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கேள்விக்குறியாயின.

இதற்குத் தக்க சான்று தலைநகரிலேயே இருக்கிறது. கோலாலம்பூர், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வட்டாரத்தை ஒட்டியுள்ள புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக விளங்கியது. 1980ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் அதனை எடுத்துக்கொண்டபோது, அங்குப் பால்மரம் சீவிய குடும்பங்கள் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீள வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு என்றும், நிலையான வீடுகள் பின்னர் கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. ஏறக்குறைய நூறு குடும்பங்கள் காத்திருந்தன. குழந்தைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் பிறந்தனர். வீடு மட்டும் வரவில்லை. அவர்களுடைய மாரியம்மன் ஆலயமும் அங்கேயே இருந்து வந்தது. அருகில் ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்பில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பூங்கா, சுற்றுவட்டார மக்கள் அனைவரும் நடைபயிலும் பசுஞ்சோலையாகத் திகழ்ந்தது.

2017 ஜூலையில் அந்நிலத்தில் 12 ஏக்கரில் கட்டடங்கள் எழுப்ப மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி வழங்கியது. 42 முதல் 54 மாடி வரையிலான எட்டு அடுக்ககங்களும், கட்டுப்படியான விலையில் 350 வீடுகள் கொண்ட 29 மாடிக் கட்டடம் ஒன்றும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தன. நீள வீட்டுக் குடும்பங்களுக்குரிய இல்லங்களும் இதிலேயே சேர்க்கப்பட்டன. பூங்காவை எதிர்பார்த்த மக்களும் வீட்டை எதிர்பார்த்த மக்களும் இவ்வாறு எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இஃது இத்திட்டத்தின் மிக வருந்தத்தக்க கூறு எனலாம். சில ஏக்கரில் முடியக்கூடிய ஏழையின் வீட்டுத் தேவை, மாபெரும் அடுக்ககங்களுக்கு நியாயமாகக் காட்டப்பட்டது. நீள வீடுகள் இருந்த இடத்திலேயே அக்குடும்பங்களுக்கு நிலையான வீடுகள் கட்டித் தருவதைத் தாங்கள் எதிர்க்கவில்லை என்று தாமான் குடியிருப்பாளர்கள் சொல்லி வந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2021 ஜனவரி 27ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை ரத்துச் செய்தது. நீள வீட்டு மக்களும் தங்கள் தரப்பை வழக்கில் எடுத்துரைத்தனர். நிறைவாக 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நளினி பத்மநாதன் அம்மையார்.

அத்தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது எது? 2020ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு 2004இல் வெளியிடப்பட்ட கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம், அந்நிலத்தைப் பொதுத் திறந்தவெளி என்று குறித்திருந்தது. கட்டமைப்புத் திட்டம் அலமாரியில் அடுக்கி வைப்பதற்கான ஏடன்று. அதிலிருந்து விலக வேண்டுமாயின் டத்தோ பண்டார் தக்க காரணம் கூறியாக வேண்டும். பாதிக்கப்படும் அண்டை அயலாரின் குரலையும் முறையாகக் கேட்டாக வேண்டும் என்று நீதிமன்றம் உரைத்தது. 2004இல் ஏட்டில் ஏறிய குறிப்பு, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பூங்காவைக் காத்தது.

இவ்வெற்றிக்கு ஏறத்தாழ ஆறு ஆண்டு கால வழக்கும் பெரும் பொருட்செலவும் தேவைப்பட்டன. படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் வாழும் தாமானுக்கு அஃது இயன்றது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களால் அவ்வளவு காலம் வழக்காட இயலுமா? பெரும்பாலும் இயலாது. ஆகவே அவர்கள் திட்டம் வரைவாக இருக்கும்போதே உள்ளே நுழைவது அவசியமாகிறது. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டமும், கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டமும் அதற்கு வழி விடுகின்றன. வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. குறித்த தவணைக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2040ஆம் ஆண்டுக்கான கோலாலம்பூர் உள்ளூர்த் திட்ட வரைவு 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவ்வாறே பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் வரும், மண்டல எண்ணும் வண்ணக் கட்டங்களும் நிறைந்த வரைபடம் முதியோருக்குப் புரியாது, தவணையும் முடிந்துவிடும்.

இங்கேதான் ஆலயம் முன்வர வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வட்டாரத்து மக்கள் அழைப்பின்றியே கூடுமிடம் வேறு எது? வரைவுத் திட்டம் வெளிவந்ததும் அவ்வட்டாரத்து வரைபடத்தைப் பெரிதாக்கி அன்னதான மண்டபத்துச் சுவரில் ஒட்டலாம். பல்கலைக்கழகம் பயிலும் இளைஞர் அதனைத் தமிழில் விளக்கலாம். எந்தத் திடல் பச்சையாகக் குறிக்கப்பட்டுள்ளது, எது நிறம் மாறியுள்ளது, ஆற்றங்கரை ஒதுக்கு நிலம் எங்கே முடிகிறது, ஆலய நிலம் வழிபாட்டிடம் என்று குறிக்கப்பட்டுள்ளதா அல்லது வெற்றிடமா என்பவற்றை நிலத்தின் லாட் எண்ணோடு குறித்து ஆட்சேபக் கடிதம் எழுதலாம். மகளிர் பிரிவினர் வீடு வீடாகச் சென்று கையொப்பம் பெறுவதில் வல்லவர்கள் என்பதைத் திருவிழா நன்கொடைப் பட்டியலே காட்டும்!

அண்டையிலுள்ள சூராவின் பொறுப்பாளரையும் தாமான் சங்கத்தாரையும் உடனழைத்துக்கொள்வது மிகவும் நன்று. வெள்ளம் மதம் பார்ப்பதில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் புகுந்தபோது எல்லா இனத்தாரும் கூரையில் ஏறித்தான் உயிர் தப்பினர். மழை மிகுதி அதற்குக் காரணம் என்பது உண்மையே. எனினும் நீர் ஊறிச் செல்வதற்கு மண் வேண்டும். மரம் நின்ற மேடு சிமெண்டுத் தரையானால், பெய்த மழை முழுவதும் சில நிமிடங்களில் சாக்கடைக்கு ஓடி வருகிறது. தாழ்வான இடத்தில் இருப்பவர்களே அதனை முதலில் அறிகின்றனர்.

தோட்டக் காலத்தை அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். எந்த மேட்டில் ஊற்று இருந்தது, எந்த அல்லூர் வழியாக மழைநீர் வடிந்தது, பழைய கோயில் எங்கே நின்றது என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அடுத்த வரைவு வெளிவருமுன் அவர்களை அமர்த்தி, அவர்கள் சொல்வதை ஒரு வரைபடத்தில் குறித்து, ஆலயச் செயலாளரின் கோப்பில் சேர்த்து வைக்கும் பணியைத் திருவிழா முடிந்த மறுவாரமே இளைஞர் பிரிவினர் தொடங்கலாம்.