எந்திரத்திடமும் கணக்குக் கேட்போம்

(லேக் மார்க்கெட்டில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரேஷன் கார்டில் பெயரை வெட்டினால் முன்பு ஓர் அதிகாரியிடம் போய்க் கேட்கலாம். இன்று "கம்ப்யூட்டர் எடுத்துவிட்டது" என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு ஜாதியில்லை, மொழியில்லை, ஆகவே பாரபட்சமும் இல்லை என்கிறார்கள். இது சரிதானா?

தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே 'சமக்ர வேதிகா' என்ற மென்பொருள் பல இலாகாக்களின் பதிவேடுகளைப் பெயர், விலாசம் பார்த்துப் பொருத்துகிறது. பெயர் ஒத்துப்போனதால் யாரோ ஒருவரின் கார் ஓர் ஏழையின் கணக்கில் ஏறியது, அரிசி நின்றது. 2016 முதல் ரத்தான சுமார் 19 லட்சம் கார்டுகளை நேரில் சரிபார்க்க 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாண்டு ஜூலை வரை பரிசீலித்த 2,05,734 மனுக்களில் 15,471 தகுதியானவை என்று தெரிந்தது. நூற்றுக்கு ஏழரை!

ஆராய்ச்சியாளர்கள் நமக்குத் தரும் ஆயுதம் ஒரு கணக்கு. மொத்தம் எத்தனை தவறு என்பதோடு நிற்காமல், யார் தலையில் எத்தனை என்று பிரித்து எண்ணுகிறார்கள். உதாரணத்துக்கு, 1,000 கார்டில் 50 தவறு என்று வையுங்கள். நூற்றுக்கு ஐந்துதானே என்பார்கள். அதில் குடியேறியவர் கார்டு 200, தவறு 40; மற்றவர் கார்டு 800, தவறு 10 என்றால்? நமக்கு நூற்றுக்கு இருபது, அவர்களுக்கு ஒன்றேகால். நம் பெயரில் இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் இல்லை. ஒரே பெயரை ஆபீசுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். பெயரைப் பொருத்தும் எந்திரம் இங்கேதான் தடுமாறும்.

இந்தக் கணக்கு கோர்ட்டில் செல்லுமா? ராணுவப் பெண் அதிகாரிகளின் நிதிஷா வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. விதி பார்வைக்குப் பொதுவாக இருந்தாலும், ஒரு பிரிவினரையே அதிகம் நசுக்கினால் அதுவும் பாரபட்சமே. கெட்ட எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை. அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு எல்லோருக்கும் சமத்துவம் தருகிறது. 15-ஆவது பிரிவு பிறந்த இடத்தை மட்டும் காட்டி அரசு வேற்றுமை செய்வதைத் தடுக்கிறது.

ஆனால் எண்கள் சர்க்கார் கையில் இருக்கின்றன. எனவே பெயர் போனால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எழுத்தில் காரணம் கேளுங்கள். எந்த விதிப்படி, எத்தனை கார்டு ரத்து, எத்தனை திரும்பத் தரப்பட்டது என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுவோம். சங்கத்தில் ஒரு பேரேடு திறப்போம்: வீடு, தேதி, ஒவ்வொரு தாளிலும் பெயர் எழுதப்பட்ட விதம், சொன்ன காரணம்.

ஒரு வீட்டின் குறையைத் தனித் தவறு என்று தள்ளிவிடுவார்கள். நாற்பது வீட்டின் குறையை வரிசையாக எழுதி வைத்தால், அது வக்கீல் கையில் சாட்சியாகும்.

இன்றே எழுதத் தொடங்குங்கள்.