கருப்பையை எடுத்தாவது

1876 மே 21. இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ போரோ என்ற மருத்துவர், 25 வயதுப் பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்த்தார். ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு குறுகிப்போனவர் அந்தப் பெண். குழந்தை நலம். ஆனால் கருப்பையை வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. அந்த வெட்டைத் தைக்கும் வழக்கம் அப்போது இல்லை. போரோ கருப்பையின் கீழ்ப்பகுதியைக் கம்பியால் இறுக்கி, மேற்பகுதியை அறுத்தெடுத்துவிட்டார். தாயும் பிழைத்தார், மகளும் பிழைத்தாள்! சிசேரியன் செய்த பெண்களில் பெரும்பாலோர் இறந்துபோன காலம் அது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பைத் தசை இறுகித்தான் அந்த ரத்தக்குழாய்களை அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் இன்று ஆக்ஸிடோசின் மருந்து, பலூன், தையல் என்று எல்லாம் செய்து பார்ப்பார்கள். ரத்தம் எதற்கும் நிற்காதபோதுதான் கருப்பையை எடுப்பார்கள். இனிப் பிள்ளை இல்லை என்பது பேரிழப்பு; அதைச் சின்னதாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஹார்மோன் சுரக்கும் சினைப்பைகளைப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். பெண்மையே போய்விட்டது என்று உறவினர் பேசுவது பொய்.

ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள், நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கும்போது கேளுங்கள். ஒட்டியிருந்தால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம்; அதனால் ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.